நோய்த் தடுப்புக்கு முகவரி எதற்கு?

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு எழுதுபவர், வரிசையில் நிற்பவரிடம் ரேஷன் அட்டை கேட்பதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றாலும், பிஹாரிலிருந்து வந்த வெல்டருக்குக் கையில் வெட்டுப்பட்டாலும் சிகிச்சை உண்டு, காசு கிடையாது. இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால், அந்தக் காய்ச்சல் வராமல் தடுக்கவும், அந்தக் கை வெட்டுப்படாமல் காக்கவும் நம்மிடம் உள்ள ஏற்பாடுகள் வேறு விதமாக இயங்குகின்றன. அவை வீட்டு எண்ணைத் தேடி வருகின்றன, தமிழில் பேசுகின்றன, பகலில் வருகின்றன. வெளிமாநிலத் தொழிலாளிக்கு நிலையான வீட்டு எண் இல்லை, தமிழ் தெரியாது, பகல் முழுக்க அவர் வேலையில் இருப்பார்.

தமிழக அரசு பத்தாண்டுகளுக்கு முன்பு எடுத்த கணக்கிலேயே வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பனியன் கம்பெனி, நூற்பாலை, மெட்ரோ பணி, செங்கல் சூளை, உணவகச் சமையலறை என்று அவர்கள் இல்லாத தொழில் இன்று குறைவு. இவ்வளவு பேரை நோய் வந்த பிறகு மட்டுமே சந்திக்கும் ஒரு பொதுச் சுகாதாரத் துறை, தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

நேரம் ஒத்துவரவில்லை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பிற மாநிலங்களும் கவனித்த திட்டம். மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2024-ல் ஐ.நா.வின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால், தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் திருப்பூரின் லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஓர் அறையில் ஆறேழு பேர் தங்கியிருப்பார்கள். அத்தனை பேரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால், காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. ஊருக்கு அனுப்பும் பணம் அந்த அரை ஷிப்டில்தான் மிஞ்சுகிறது என்பதால் அதை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் இரவு 8 வரை என்று நேரம் வகுத்தார்கள். மாலையிலும் மருத்துவர் இருப்பார் என்பது கூலி வேலைக்குப் போகும் உள்ளூர் மக்களுக்குப் பெரிய உதவி. ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒருவர் தெருவுக்கு வரும்போதோ, மையம் சாத்தி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் பகலில் வர வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது ‘சும்மா பார்த்துக்கொள்ள’ யார் அந்த விலை கொடுப்பார்கள்?

2024-ல் தொடங்கப்பட்ட ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியை உணர்ந்த திட்டம். பணியிடத்துக்கே பரிசோதனையைக் கொண்டுபோகிறது. ஆனால், அது எளிதில் எட்டுவது பெரிய ஆலைகளைத்தான். பத்துத் தையல் இயந்திரங்களோடு ஓடும் பவர்டேபிள் யூனிட்டுகளையும், இந்த மாதம் ஒரு கட்டிடம் அடுத்த மாதம் வேறு கட்டிடம் என்று மேஸ்திரியோடு நகரும் குழுக்களையும் எட்ட வேறு வழி வேண்டும்.

அந்த வழி மறைவாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடுகிறார்கள் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் நடக்க இடம் இருக்காது. சட்டை, செருப்பு, செல்போன் உறை விற்கும் கடைகளின் நடுவே ஒரு மேசை போட்டு, ரத்த அழுத்தக் கருவி, வாய்க்குள் பார்க்க ஒரு டார்ச், சளி மாதிரி வாங்க ஒரு டப்பா, ஒடியாவும் இந்தியும் பேசும் ஒருவர் என்று உட்கார்ந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடைக்காதவர்கள் அங்கே கிடைப்பார்கள். டார்ச்சைச் சும்மா சொல்லவில்லை. பிஹார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆண்களிடம் கைனிப் புகையிலை மெல்லும் பழக்கம் அதிகம். தமிழ்நாடு 2013-லேயே குட்காவைத் தடைசெய்துவிட்டது. என்றாலும் பழக்கம் சட்டத்தால் மட்டும் போவதில்லை. வாயில் வெள்ளைத் திட்டாகத் தொடங்கும்போதே கண்டுகொண்டால் புற்றுநோயைத் தவிர்க்கலாம்.

இந்தி மட்டும் போதாது

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. சில நாட்களுக்குள் இந்தியில் உதவி எண்கள் வந்தன, துண்டறிக்கைகள் வந்தன, காவல் துறை உயரதிகாரிகளே பேசினார்கள். முதல்வரும் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். தொழில் முடங்கிவிடும் என்ற கவலை வந்தபோது மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. காசநோய் குறித்தும் கர்ப்பகாலப் பரிசோதனை குறித்தும் மட்டும் அது ஏன் இன்னும் தடையாக இருக்கிறது?

இதில் ஒரு நுட்பம் உண்டு. வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே இந்தி என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். திருவள்ளூர் செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு வேலை செய்யும் பலாங்கீர், நுவாபாடா மக்களுக்கு ஒடியாவும் அதன் மேற்கத்திய வழக்கும்தான் பேச்சு. ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் சந்தாலியோ சாத்ரியோ பேசுவார்கள். வங்காளிகளும் அசாமியரும் ஏராளம். இவர்களில் பலருக்குச் சுவரொட்டி எந்த மொழியில் இருந்தாலும் படிக்க வராது. ஆனால், எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒரு நிமிடக் குரல் பதிவாக அவர்கள் மொழியில், அவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் குரலில் வாட்ஸ்அப்பில் வரும் தகவல், மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய பல வண்ணச் சுவரொட்டியைவிட நூறு மடங்கு பயன் தரும்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தங்கிவிட்ட குடும்பங்களில் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படித்துச் சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். எனவே, அம்மாவுக்கு வெள்ளைப்படுதல் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு நான்காம் வகுப்புப் பையன் தலையில் விழுகிறது. அம்மா பாதியை மறைப்பார். பையனுக்குப் பாதி புரியாது. மருத்துவர் ஊகத்தில் மருந்து எழுதுவார். குழந்தைக்கும் இது கொடுமை, தாய்க்கும் ஆபத்து. இதே குடும்பங்களில் தமிழும் தாய்மொழியும் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். மகளிர் தன்னார்வலர்களில் ஒரு பகுதியை இவர்களிலிருந்து, மதிப்பூதியத்தோடு எடுப்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

அயல்நாடுகளில் நம்மவர்களுக்குத் தாய்மொழியில் தகவல் தருவது நடக்கிறது. சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் அந்நாட்டுத் தமிழர்களுக்காகத் தமிழிலும் நலவாழ்வுக் கையேடுகள் வெளியிடுகிறது. சிங்கப்பூர் தன் பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. 2020-ல் கோவிட் பரவியபோது அங்கே தொழிலாளர் விடுதிகளில் சுமார் 3.2 லட்சம் பேர் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். தமிழர்களும் வங்கதேசத்தவரும் அதில் ஏராளம். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அதன் பிறகு, 2022-ல், விடுதித் தொழிலாளர்களுக்கெனத் தனி ஆரம்ப நலத் திட்டத்தை அந்நாடு கொண்டுவந்தது. பேரிழப்புக்குப் பிறகு செய்வதை முன்பே செய்வதுதான் தடுப்பு.

கொசு யாருடையது?

‘மலேரியாவைக் கொண்டுவருகிறார்கள்’ என்பது வெளிமாநிலத் தொழிலாளர் மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் அதிகம் என்பது உண்மை. கிருமி அவர் ரத்தத்தில் வரலாம். ஆனால், அதை அடுத்தவருக்குக் கடத்தும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு ரயிலேறி வருவதில்லை. அது நகரத்துக் கொசு. சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடுவது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளும் கிணறுகளும் அதன் பழைய வீடுகள்.

ஒரு கட்டுமானத் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். கான்கிரீட் தளம் போட்டதும் அதன் மேல் சிமெண்ட் கலவையால் பாத்தி கட்டி, க்யூரிங்குக்காக ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்துவார்கள். லிஃப்ட் குழியில் மழைநீர் கிடக்கும். தண்ணீர் பிடித்துவைத்த டிரம்களுக்கு மூடி இருக்காது. நம்முடைய வெயிலில் கொசு முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்துக் காயவிட்டு மறுபடி நிறுத்தினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். இதைச் செய்ய வேண்டியவர் தளத்தின் பொறியாளர். செய்யவைக்க வேண்டியது மாநகராட்சி. மாலை ஆறு மணிக்குத் தகரக் கொட்டகையில் கொசுவலைகூட இல்லாமல் படுக்கும் தொழிலாளி அல்ல.

தொழிலாளியிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால், கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும். அதை ஒழிக்கப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் விடாமல் விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்கள் கழித்து, வேறு ஊரில், வேறு தளத்தில் காய்ச்சல் திரும்பும். இந்த ஒரு செய்தி அவருக்குப் புரிகிற மொழியில் போய்ச் சேராததால், ஒரே நோயாளிக்கு இரண்டு முறை சிகிச்சை தருகிறோம். 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. கட்டுமானத் தளங்களை விட்டுவிட்டு அந்த இலக்கு எட்டாது.

வழியில் அறுந்துபோகும் சிகிச்சை

காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறும். அந்த நேரம் பார்த்துத் துர்கா பூஜையோ சட் பூஜையோ அறுவடையோ வந்தால் தொழிலாளி ஊருக்கு ரயிலேறிவிடுவார். நிக்ஷய் எனும் தேசியக் கணினிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு எண் இருக்கிறது. அதைக் கொண்டு எந்த மாநிலத்திலும் மருந்தைத் தொடரலாம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணை நோயாளியின் செல்போனில் பதிந்து கொடுத்து, ‘ஊருக்குப் போனால் இதைக் காட்டு’ என்று அவர் மொழியில் சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும்.

காப்பீடு இந்த இடத்தில் உதவாது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். மாநிலம் தாண்டியும் செல்லும். ஒடிசா 2025-ல்தான் அதில் சேர்ந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் வெளிமாநிலத்தவரைத் தொழிலாளர் துறையின் சான்றோடு சேர்க்க இடமுண்டு. ஆனால், காப்பீடு என்பது கட்டிலில் படுத்த பிறகு தொடங்குவது. கேரளம் 2017-லேயே ‘ஆவாஸ்’ என்ற காப்பீட்டை வெளிமாநிலத் தொழிலாளருக்கெனக் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல், எர்ணாகுளத்தில் நடமாடும் மருத்துவ ஊர்தியும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே போனது. இரண்டாவதுதான் தடுப்பு.

சட்டமும் இதே இடத்தில் சறுக்குகிறது. 1979-ன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அழைத்துவந்தாலே இலவச மருத்துவ வசதி ஒப்பந்ததாரரின் கடமை என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனையும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு என்கிறார்கள். புலம்பெயர்ந்து வருபவர்களில் பெரும்பாலோர் 20-களிலும் 30-களிலும் இருப்பவர்கள். உழைக்கும் வயதை இங்கே கழித்துவிட்டு, பரிசோதனைக்கு உரிய வயது வரும்போது ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

போலியோ ஒழிந்த விதம்

‘ஓரிடத்தில் நிற்காதவர்களை எப்படிப் பின்தொடர்வது?’ என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. இதே நாடு அதற்குப் பதில் கண்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் பிஹாரிலும் போலியோ ஒழிய மறுத்தபோது, தவறவிட்ட குழந்தைகள் எங்கே என்று தேடினார்கள். செங்கல் சூளை, கட்டுமானத் தளம், நாடோடிகளின் கூடாரம் என்று ஒவ்வொன்றையும் பட்டியல் எடுத்தார்கள். ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் சொட்டு மருந்தோடு நின்றார்கள். ஓடும் ரயில்களிலும் ஏறினார்கள். திருவிழாக் கூட்டங்களுக்குப் போனார்கள்.

அங்கே யாரும் ஆதாரோ முகவரியோ கேட்கவில்லை. குழந்தையின் இடதுகைச் சுண்டுவிரலில் வைத்த மைதான் பதிவேடு. மை இல்லையென்றால் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தையோடு இந்தியாவில் போலியோ முடிந்தது. 2014 மார்ச் 27 அன்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நகர்ந்துகொண்டிருப்பவர்களை எட்ட முடியாது என்ற வாதம் அன்றே தோற்றுவிட்டது.

என்ன செய்யலாம்?

முதலில், ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர், கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் நலவாழ்வு மையங்களில் சிலவற்றையாவது ஞாயிறன்றும், வார நாட்களில் இரவு பத்து மணி வரையிலும் திறக்க வேண்டும். வாரச் சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் நிரந்தரமாக ஒரு சுகாதார மேசை வேண்டும்.

இரண்டாவது, பணம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கெனவே வசூலிக்கப்படுகிறது. பெரிய கட்டுமானத் தளங்களில் வாரந்தோறும் மருத்துவ ஊர்தி வந்து நிற்க அந்த நிதியே கைகொடுக்கும். கட்டிட அனுமதி தரும்போதே தொழிலாளர் கொட்டகைக்குக் கழிப்பறை, குடிநீர், கொசுவலை ஆகியவற்றை நிபந்தனையாக்க வேண்டும். இருபது பேருக்கு ஒரு குழாய் இருக்கும் இடத்தில் கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்குவது கேலிக்கூத்து. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. மதிய வெயிலில் கம்பி கட்டுபவருக்கு அந்த அறிவிப்பு நிழலாகவும் தண்ணீராகவும் ஓய்வு நேரமாகவும் மாற வேண்டும்.

மூன்றாவது, அச்சம் நீங்க வேண்டும். பரிசோதனை முடிவு முதலாளியிடம் போகும், வேலை போய்விடும் என்ற எண்ணம் இருக்கும்வரை தொழிலாளி இருமலை மறைப்பார். முடிவு அவருக்கு மட்டுமே சொந்தம் என்பது எழுத்தில் வர வேண்டும். நோய் கண்டறியப்பட்டவரை வேலையிலிருந்து அனுப்பினால் நடவடிக்கை என்பதும் வர வேண்டும். கூலிப் பாதுகாப்பு இல்லாத பரிசோதனை அவர் கண்ணுக்குப் போலீஸ் சோதனையாகவே தெரியும்.

இதனால் பலன் பெறப்போகிறவர்கள் வெளிமாநிலத்தவர் மட்டும் அல்லர். திருவண்ணாமலையிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் குடும்பத்தோடு கிளம்பும் நம் மக்களின் குழந்தைகளும் இதே காரணத்தால்தான் தடுப்பூசித் தவணையைத் தவறவிடுகிறார்கள். அங்கன்வாடியின் சத்துமாவையும் இழக்கிறார்கள். தாய் சேய் நலக் குறிப்பேடு ஊரில் பெட்டிக்குள் இருக்கும். கர்ப்பிணி வேறு மாவட்டத்துச் சூளையில் இருப்பார்.

பொதுச் சுகாதாரத்தில் தமிழ்நாடு முன்னோடி என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்கான கட்டமைப்பும் ஆட்களும் நம்மிடம் உண்டு. அரிசிக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ வந்து, மாநில எல்லை தாண்டியும் பொருள் வாங்க முடிகிறது. தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் அட்டைகூட வேண்டாம். ஆள் எதிரே நின்றால் போதும் என்று அரசு ஓர் ஆணை போட வேண்டும். அடுத்த சுகாதார மானியக் கோரிக்கையின்போது, வெளிமாநிலத் தொழிலாளரின் நோய்த் தடுப்புக்குத் தனித் தலைப்பும் தனி நிதியும் இருக்கிறதா என்று சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும்.